மஞ்சள் துணிக்குள் என் மகள்

குண்டு விழுந்தது என்றுதான் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லி அவமானத்தை முடித்துக்கொள்கிறேன். கெடா மாநிலம். மெர்போக். ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகள். தீபாவளிக்கு முதல் நாள் அந்தி. இந்த ஊரில் குண்டு விழ ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் நம்பினேன். நாற்பத்தேழு வயது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். இறக்கத்தில் பிரேக் போன வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியவன். முழு மனதோடு நம்பினேன்.

ஓடுகிறேன்.

சுய்ய்ங். டம். வலது பக்கம். சுய்ய்ங். டம். காதோரம். பச்சை வெளிச்சம். சிவப்பு வெளிச்சம். கந்தகப் புகை தொண்டையில் இறங்குகிறது. காலில் ஒரு செருப்புதான் இருக்கிறது. நெஞ்சில் மகள் இருக்கிறாள். துணியால் கட்டியிருக்கிறேன். போதாது என்று இரண்டு கைகளாலும் அணைத்திருக்கிறேன். குனிந்து ஓடுகிறேன். குனிந்து ஓடச் சொன்னது யார்? ஒருவரும் இல்லை. சினிமாவில் பார்த்தது.

பின்னால் பக்கத்து வீட்டு சேகர் கத்துகிறான்.

“அண்ணே! அந்தப் பக்கம் போவாதீங்கண்ணே! அங்கதான் வருது!”

அந்தப் பக்கம்தான் போனேன்.

வயிற்றில் சூடு. ஈரம். சட்டைக்குள் வழிகிறது. தொட்டுப் பார்க்கிறேன். பிசுபிசுக்கிறது. இருட்டிவிட்டது. நிறம் தெரியவில்லை. ரத்தம். என்னுடையதா, அவளுடையதா? என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை யாராவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி இதில் வரப்போகும் நல்ல செய்தி இது ஒன்றுதான்.

காற்று திரும்பியது. வாடை வந்தது.

ரத்தம் இல்லை. என் மகள் பேண்டிருந்தாள். தொடை வழியாக, மடிப்பு வழியாக, என் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் புகுந்து, தொப்புளில் தேங்கியிருந்தது. புளித்த மோரும் கடுகும் சேர்ந்த வாடை. ஒரு மூச்சு மகிழ்ச்சி. அடுத்த மூச்சு குமட்டல். அதற்கடுத்த மூச்சில்தான் உறைத்தது. மத்தியானத்திலிருந்து வீறிட்ட பிள்ளை. சத்தம் இல்லை.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று சொல்கிறேன்.

என் பெயர் அந்தோணி. மனைவி ரீத்தா. கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அப்புறம் பிறந்தாள். மூன்று வாரப் பிள்ளை. ஞானஸ்நானம் ஆகவில்லை. பெயர் முடிவாகவில்லை. குட்டி என்கிறோம். ரீத்தாவுக்கு அம்மா இல்லை. அதனால் பத்தியம் பார்க்க என் அக்கா ஸ்டெல்லா செர்டாங்கிலிருந்து வந்து இறங்கினாள். வந்த அன்றே அடுப்படி அவள் கையில் விழுந்தது. மறுநாள் வீடே விழுந்தது. எங்கும் பூண்டு. நல்லெண்ணெய். சுக்கு. திரைச்சீலையை முகர்ந்தால் கருவாட்டுக் குழம்பு. நான் குடித்த காப்பியில்கூடப் பூண்டு இருந்தது. சத்தியம்.

வீட்டில் இரண்டு நீளத் துணிகள் இருந்தன. சாட்சியத்துக்கு இது முக்கியம்.

ஒன்று, ரீத்தா போனில் பார்த்து வரவழைத்தது. பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொள்கிற துணி. பனியன் துணிபோல மெத்தென்று இருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இன்னொன்று பெங்குங். பிள்ளை பெற்ற வயிற்றை இறுக்கிச் சுற்றுகிற பருத்தித் துணி. உடம்பு பிடித்துவிட வருகிற மலாய்க்கார அம்மாள் மக் சிக் அதை வைத்துத்தான் ரீத்தாவைச் சுற்றுவார். அது நீளாது. யார் இழுத்தாலும் நீளாது. இரண்டும் வெளுத்த நிறம். ஆனாலும் பகலில் பார்த்தால் எது எது என்று தெரியும். தெரிந்தது. அக்கா கை வைக்கும்வரை.

“கடையிலேர்ந்து வந்தத அப்படியே புள்ள மேல போடுவீங்களா? யாரு கை பட்டுச்சோ, யாரு மூக்கு சிந்துனாங்களோ.”

“புதுசுக்கா. பிளாஸ்டிக்ல வந்துச்சு.”

“பிளாஸ்டிக்க யாரு தொட்டா?”

பெரிய அலுமினியப் பானையில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு இரண்டு துணிகளையும் சேர்த்து வேகவைத்தாள். ஒரு மணி நேரம் அகப்பையால் கிண்டினாள். பின்கட்டுக் கொடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒரே மஞ்சள். ஒரே வேப்பிலை நாற்றம்.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் பிள்ளை அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தாயிற்று. அழுதாள். ஏப்பம் எடுத்தாயிற்று. என் தோளில் கக்கினாள். அழுதாள். சட்டை மாற்றினேன். அதிலும் கக்கினாள். முகத்தைத் துடைத்த துண்டில் ஏற்கெனவே கக்கியிருந்தாள். சாயங்காலம் மக் சிக் வந்தார். கொடியிலிருந்து ஒரு துணியை உருவிக்கொண்டு, ரீத்தாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். முற்றுகைக்குள் நான் தனியாக.

நான் தயங்கவில்லை. துணி கட்டும் வீடியோவைப் பலமுறை பார்த்தவன். அரிசி மூட்டையை வைத்துப் பழகியவன். கொடியில் மிச்சமிருந்த துணியை உருவினேன். கொஞ்சம் முரடாக இருந்தது. அகலமும் குறைவு. அக்கா அவித்ததில் சுருங்கிவிட்டது என்று நினைத்தேன். எல்லாக் குற்றத்தையும் அக்கா மேல் போடுவது எங்கள் குடும்ப வழக்கம். நடுப்பகுதி நெஞ்சில். இரண்டு முனையும் முதுகில் குறுக்கே. தோள் மேலே. மறுபடி முன்னால். மறுபடி பின்னால். முடிச்சு. வீடியோவில் அந்தப் பெண் முதலில் தன்னைக் கட்டிக்கொள்வாள். பிறகு துணியை இழுத்துப் பிள்ளையை உள்ளே இறக்குவாள். நானும் கட்டினேன். இழுத்தேன். துணி கொடுக்கவில்லை. அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். அப்போதும் பிள்ளை நுழையவில்லை. இன்னும் தளர்த்தினேன். நுழைந்தாள்.

கண்ணாடியில் பார்த்தேன். பெருமையாக இருந்தது.

“எங்கடா கெளம்பிட்ட?” அடுப்படியிலிருந்து அக்கா.

“கேட்டு வரைக்கும்க்கா. காத்து பட்டா தூங்கிடும்.”

“வெளக்கு வைக்கிற நேரம். ஞானஸ்நானம் ஆவாத புள்ள. கேட்டுக்கு அந்தாண்ட காலு வச்ச, திரும்பி வர காலு இருக்காது.”

கேட்டுக்கு அந்தாண்ட கால் வைத்தேன்.

சேகர் தெருவில் குந்தியிருந்தான். சுங்கைப்பட்டாணியில் ஃபேக்டரி வேலை. நல்ல பிள்ளை. தீபாவளி வந்தால் மட்டும் மூளை கழன்றுவிடும். சாக்கடை மூடியின் மேல் ஒரு பெட்டி. வாணப் பெட்டி. ஒரு திரி கொளுத்தினால் ஒவ்வொன்றாக மேலே போய் வெடிக்கும்.

“என்னாண்ணே, கங்காரு மாதிரி?”

“வாய மூடுடா. தூங்க வைக்கிறேன்.”

“சும்மா டெஸ்டுண்ணே. மேலதான் போவும். சத்தமே இருக்காதுலா.”

கொளுத்தினான். முதல் வாணம் மேலே போனது. ஒப்புக்கொள்கிறேன், அழகாக இருந்தது. சாக்கடை மூடி ஆடியது. பெட்டி சாய்ந்தது. இரண்டாவது வாணம் தெருவைப் பார்த்து வந்தது. சுய்ய்ங். என் முழங்காலைத் தாண்டிப் போய் யாரோ வீட்டுச் சுவரில் டம். பிள்ளை வீறிட்டாள். நான் அவளைவிடப் பெரிதாக வீறிட்டேன். சேகரும் பெட்டியும் மறந்துபோய், குண்டு என்றே நம்பினேன். வீட்டு வாசல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டுத் தெருவோடு ஓடினேன். வாணம் பாய்கிற திசையில். அதன் கூடவே. போட்டி போட்டுக்கொண்டு. தெருமுனை வரை ஓடி, அங்கே வழி இல்லாததால் திரும்பி ஓடி வந்தேன்.

மேலே சொன்ன ஈரம் அப்போதுதான். அந்த நிசப்தமும்.

பெட்டி தீர்ந்துவிட்டது. தெருவில் புகை மட்டும். எங்கோ ஒரு நாய் ஊளையிடுகிறது. நான் வாசலில் நிற்கிறேன். குனிந்து பார்க்கிறேன். முகம் தெரியவில்லை. மஞ்சள் துணிதான் தெரிகிறது. நெஞ்சில் இருந்தவள் தொப்பைக்கு இறங்கியிருந்தாள். முடிச்சைத் தேடுகிறேன். முதுகில். விரல் எட்டுகிறது. நகரவில்லை. ஈரத்தில் இறுகிவிட்டது. ஒரு கையை எடுத்தால் விழுந்துவிடுவாள் என்று மறு கையால் இன்னும் அழுத்துகிறேன். கத்துகிறேன். என்ன கத்தினேன்? அக்கா சொல்கிறாள், “அம்மா” என்று கத்தினேனாம். எங்கள் அம்மா செத்துப் பல வருடம் ஆகிறது.

அறைக் கதவு திறந்தது. ரீத்தா ஓடி வந்தாள். தையல் ஆறாதவள். படியேறக்கூடாது என்று சொல்லப்பட்டவள். வயிற்றில் மஞ்சள் துணி பாதி சுற்றியிருந்தது. மீதி பின்னால் நீண்டது. நீண்டுகொண்டே வந்தது. அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் மக் சிக். என்ன துணி இது, ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போகிறது, இறுகவே மாட்டேன் என்கிறது என்று மலாயில் திட்டிக்கொண்டிருந்தார். ரீத்தா என் நெஞ்சைப் பார்த்தாள். தன் வயிற்றைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இன்னும் புரியவில்லை.

“கைய எடுங்க!”

எடுக்கவில்லை.

“அழுத்தாதீங்க! மூஞ்சிய வெளிய எடுங்க! மூஞ்சி!”

எடுக்க முடியவில்லை. என் கைகள் நான் சொல்வதைக் கேட்கவில்லை. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலைக் கடித்தாள்.

“அக்கா! வெட்டுங்க!”

அக்கா மீன் வெட்டுகிற கத்தரியோடு வந்தாள். என் தோளில் ஒரே வெட்டு. துணி கழன்றது. ரீத்தா பிள்ளையைக் கைகளில் வாங்கினாள். முகம் கருத்திருந்தது. தாடை நெஞ்சில் ஒட்டியிருந்தது. வாயில் பால். ரீத்தா அவளைக் கையிலேயே குப்புறச் சாய்த்தாள். முதுகைத் தட்டினாள். நிமிர்த்தினாள். தாடையை இரண்டு விரலால் தூக்கினாள். உள்ளங்காலைச் சுண்டினாள்.

ஒன்றும் இல்லை.

மறுபடி சுண்டினாள்.

நான் என்ன செய்தேன்? முழங்காலில் விழுந்து, முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். பிள்ளை இருமினாள். மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் திரிந்த பால் பீறிட்டது. நேராக என் வாய்க்குள். விழுங்கிவிட்டேன். அப்புறம் அழுதாள். மத்தியானம் முழுக்க என்னைக் கொன்ற அதே அழுகை. அக்கா கத்தரியைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டாள். ரீத்தா அழவில்லை. என்னைப் பார்த்தாள். பதவிசாக, மெதுவாகக் கேட்டாள்.

“எதுக்கு ஓடுனீங்க?”

“வெடி வந்துச்சு.”

“வீடு இங்க இருக்கு.”

சேகரின் காரில் மருத்துவமனைக்குப் போனோம். என் லாரியில் போயிருக்கலாம். சாவி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார். வீட்டுக்கு விடாமல் வைத்துப் பார்த்தார்கள். மூச்சு சரி, நிறம் சரி என்றார்கள். எப்படிக் கட்டினீர்கள் என்று டாக்டர் கேட்டார். செய்து காட்டினேன். நீளும் துணிக்கும் நீளாத துணிக்கும் ஒரே கட்டு ஆகாது என்றார். நீளாத துணியில் பிள்ளையை முதலில் வைத்து, அப்புறம்தான் சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டுமாம். எந்தத் துணியானாலும் முகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தம் எட்ட வேண்டும். தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் கட்டாதீர்கள் என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதை ஏன் எழுதுகிறேன்? ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் என் தோளில் தட்டுகிறார்கள். சேகர் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறான். வாணம் பறக்குதாம், அண்ணன் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகிறாராம், ஒரு பொறி அவள் மேல் படவில்லையாம். “தகப்பன்னா இப்படி இருக்கணும்லா!” ஒருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அதுதான் எல்லாவற்றிலும் அருவருப்பு. பீ கழுவியதும் போய்விட்டது. பால் வாடையும் போய்விட்டது. அந்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஆகவே கணக்கு.

போனவை: ஒரு பெங்குங், இரண்டாக வெட்டப்பட்டது. ஒரு சட்டை, எரிக்கப்பட்டது. இடது கால் செருப்பு, தெருமுனையில். அடுப்பில் கருகிய ஒரு சட்டி ஈரல் குழம்பு. ரீத்தாவின் தையலில் இரண்டு இழை.

போன உயிர்: இல்லை.

வாணத்தில் ஒன்றுகூட எங்கள் மேல் படவில்லை. குழந்தை அதற்கு அழத்தான் செய்தாள். நான் ஓடும்போதும் அழுதுகொண்டுதான் இருந்தாள். தளர்ந்த துணிக்குள் சரிந்து போனாள். நான் இரண்டு கைகளாலும் அவள் முகத்தை என் வயிற்றோடு சேர்த்து அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் அழுகை நின்றது.