கண் கூசும் குண்டுக்கு ஒரு புள்ளி

ஆன்லைன் கேம் போட்டி நடத்துவது கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது போலத்தான் சார். எந்த இலைக்குப் பாயசம் முதலில் போனது, எந்த இலைக்கு அப்பளம் வரவில்லை என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சண்டைதான். மதுரையிலும் மேலூரிலும் நான் நடத்திய போட்டிகளில் அப்படி ஒரு சண்டை வந்ததில்லை. பெனடிக்ட் புள்ளி போட்டால் சரியாக இருக்கும் என்று தோற்றவர்களே சொல்வார்கள். வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் விளையாடியதில்லை என்பதால் சொல்கிறேன். நான்கு பேர் சேர்ந்தால் ஓர் அணி. எல்லா அணிகளும் ஒரே தீவில் இறங்கி ஒருவரை ஒருவர் சுட வேண்டும். கடைசிவரை தாக்குப்பிடிக்கிற அணிக்கு அதிகப் புள்ளி, முதலில் ஒழிந்த அணிக்கு ஒன்றுமில்லை. எதிரி ஒருவரை வீழ்த்தினால் தனியாக ஒரு புள்ளி உண்டு. இதெல்லாம் ஊரறிந்தது. இதற்கு மேல் எதற்குப் புள்ளி கொடுக்கலாம் என்பது நடத்துகிறவன் இஷ்டம். முன்கூட்டியே அறிவித்துவிட்டால் போதும், அப்புறம் ஒருவரும் வாய் திறக்க முடியாது.

ஜெயபாண்டி என்னோடு கல்லூரியில் படித்தவன். திருவாதவூர்க்காரன், அவன் அப்பா மலையாண்டிக்கு அங்கே வயல் இருக்கிறது. கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்கியிருந்தான். அணி நான் ஆரம்பித்தது, கேப்டனும் நான்தான். ஒரு நாள் ஆள் குறைந்தது என்று அவனைச் சேர்த்தேன். கொஞ்ச காலத்திலேயே எங்கள் அணியில் இருந்த சிவக்குமார் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பதமாகப் பேசினான். போட்டி நடத்துவதில் எனக்கு இருக்கிற திறமை மதுரையில் எவனுக்கும் கிடையாதாம். ஆடுவதை ஜெயபாண்டியிடம் விட்டுவிடலாமாம். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். டீக்குக் காசும் நான்தான் கொடுத்தேன்.

பொறாமையா என்று கேட்டீர்கள். ஆமாம் சார், வயிறு எரிந்தது. என் அம்மா மிஷன் பள்ளியில் டீச்சர். போனை நோண்டினாலே எரிந்து விழுகிறவர். ஜெயபாண்டி ஆடும்போது மட்டும் என் போனை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவனுக்குத்தான் போகும். அவனாவது கொஞ்சம் திமிர் காட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் கிடையாது. யார் பேட்டி எடுத்தாலும் பெனடிக்ட் இல்லாவிட்டால் நான் இல்லை என்பான். மனதார அப்படிச் சொல்கிறவனை வெறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

அவனுக்கு வலிப்பு வரும். மாடி அறையில் ட்யூப்லைட் விட்டு விட்டு எரிந்த ஒரு நாள்தான் அதை முதலில் பார்த்தேன். பயப்படாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயில் வந்ததைத் துடைத்துவிட்டு, தெளிகிற வரை பக்கத்திலேயே இருந்தேன். நான் செய்ததுதான் சரி என்று டாக்டரும் சொன்னார். வெளிச்சம் படபடவென்று மின்னினால் மறுபடியும் வரும் என்று எச்சரித்தார். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் வெளியே சொல்லாதே என்று அவன் என் கையைப் பிடித்துக் கேட்டான். நான் சொல்லவில்லை. போனில் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, நிறக்கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் ஆடுவான். மற்றவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள்.

இந்த வருட இறுதிப்போட்டியை ஒரு கல்யாண மண்டபத்தில் நேரில் வைத்தோம். எல்லோருக்கும் ஒரே மாதிரி போன், முழு வெளிச்சம், நிறக்கண்ணாடிக்கு அனுமதியில்லை என்று விதி போட்டேன். இன்னொரு விதியும் சேர்த்தேன். கேமில் ஃப்ளாஷ் என்று ஒரு குண்டு உண்டு. அது யார் முன்னால் வெடிக்கிறதோ அவருடைய திரை வெள்ளை வெளேரென்று மின்னி மின்னி அடங்கும். ஆளைக் கொல்லாது என்பதால் யாரும் அதைச் சீண்டுவதில்லை. அந்தக் குண்டால் ஒரு எதிரியின் கண்ணைக் கூசவைத்தால் ஒரு புள்ளி என்று அறிவித்தேன். ஒளிந்து ஒளிந்து ஆடினால் பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன். எல்லா அணியும் கைதட்டின.

விதியை அறிவித்த அன்று சாயங்காலமே ஜெயபாண்டி மாடியில் என்னிடம் வந்தான்.

"மாப்ள, இந்த ஃப்ளாஷ் பாயின்ட்டு எனக்கு ஒத்துக்காதுடா. ஒனக்குத்தான் தெரியும்ல."

அறிவித்த விதியை ஒருவனுக்காக மாற்றினால் நாளைக்கு என்னை எவன் மதிப்பான் என்று கேட்டேன். உடம்புக்கு முடியாது என்று மேடையில் சொல்லிவிட்டு விலக்குக் கேட்கலாம் என்றும் சொன்னேன். அவன் கேட்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்தான்.

"வேணாம்டா. எப்படியும் எல்லார் ஸ்க்ரீனையும் நீதான பாத்துக்கிட்டு இருப்ப. நான் அசையாம நின்னா ஆட்டத்த நிப்பாட்டிரு."

"நிப்பாட்டிர்றேன் மாப்ள. நீ தைரியமா ஆடு."

சிரித்துவிட்டு அம்மாவிடம் சாப்பிடக் கீழே போனான்.

ஒருவர் திரையை ஒருவர் பார்க்கக் கூடாது என்பதால் ஆடுகிறவர்களுக்கு இடையில் தட்டி வைத்திருந்தோம். காதில் பெரிய ஹெட்போன், அதனால் பக்கத்தில் என்ன நடந்தாலும் கேட்காது. எல்லோருடைய ஆட்டமும் தெரிவது என் மேசையில் மட்டும்தான். ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானும் அங்கேதான் இருந்தது. ஜெயபாண்டியின் அணிதான் முன்னிலையில் இருந்தது. புள்ளி ஆசையில் மற்ற அணிக்காரர்கள் எல்லோரும் அவர்கள் இருந்த பக்கம் ஃப்ளாஷை வாரி இறைத்தார்கள். திடீரென்று கேமுக்குள் ஜெயபாண்டியின் ஆள் ஒரு தகரக் கொட்டகையின் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

வர்ணனை செய்துகொண்டிருந்த ரோகிணி, பொறுத்திருந்து பாருங்கள், ஏதோ திட்டம் வைத்திருக்கிறார் என்றாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. எனக்கு அது என்னவென்று தெரியும் சார். என் கை மவுஸில்தான் இருந்தது. அவன் ஆள் சாகாமல் நிற்க நிற்க அவன் அணிக்குப் புள்ளி ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் நிறுத்தினால் அதுவரை உள்ள கணக்குப்படி அவன்தான் முதலிடம். யாராவது வந்து சுடட்டும் என்று காத்திருந்தேன். சுற்றி இருந்தவர்கள் அவனுக்குப் பயந்து ரொம்ப நேரம் கிட்டவே வரவில்லை. கடைசியில் ஒருவன் வந்து சுட்டான். சுட்டவனுக்குரிய புள்ளியைப் போட்டேன். ஜெயபாண்டி அணியில் மற்ற மூவரும் விழுகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன்.

தட்டியை விலக்கியபோது மேசையில் முகம் குப்புறக் கிடந்தான். வாயில் வந்தது மூச்சை அடைத்திருந்தது. கொஞ்சம் முன்னாடி திருப்பிப் படுக்க வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு முடிவை அறிவிக்க மேடை ஏறினேன். அவன் அணி மூன்றாவது இடம். ஒரு புள்ளிகூடத் தவறில்லாமல் படித்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. சிலர் அழுதுகொண்டிருந்தார்கள், மற்றவர்கள் வாசலைப் பார்த்து ஜெயபாண்டி, ஜெயபாண்டி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றேன் சார். அவன் இல்லாத மண்டபத்தில்கூட ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களே சொல்லுங்கள், அது அநியாயம்தானே.