ஒரு விரற்கடை முன்னால் நிற்கும் கம்பு

தலைமை நாற்காலியில் தலை நிமிர்ந்து அமர்ந்திருந்தாலும், கண்ணை மட்டும் கைக்கடிகாரத்தில் கட்டிப்போட்டிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! மேடையில் இடம் கிடைக்காத கோபத்தை முதல் வரிசையில் புன்னகையாக மாற்றி வைத்திருக்கும், அவர்களினும் பெரியோர்களே! கம்பெடுத்தால் காற்றுக்கும் காயம் உண்டாக்கும் சிலம்ப வீரர்களே, வீராங்கனைகளே! கட்டைவிரல் இரண்டை மட்டும் வைத்துக் கண்டம் கண்டமாய் வென்றுவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் காது கேளாத வீடியோ கேம் கண்மணிகளே! அந்தக் கண்மணிகளைப் பெற்றும் இன்னும் நிதானம் இழக்காத தாய்மார்களே! ஒலிபெருக்கியை என் வாய்க்கு நேராகவும், அதை அணைக்கும் பொத்தானைத் தன் விரலுக்கு நேராகவும் வைத்திருக்கும் ஒலி அமைப்பாளர் தம்பி அவர்களே! ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் தொழிலாளியாகிய நான் உங்கள் அனைவருக்கும் என் குளிர்ந்த வணக்கத்தைச் சமர்ப்பிக்கிறேன்!

‘திரையில் சுழலும் கம்பு, தரையில் சுழலும் கம்பு’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல தலைப்பு. ஆனால் ஒன்றை முன்கூட்டியே உறுதிமொழியாகச் சொல்லிவிடுகிறேன். இன்று நான் சொல்லப்போகும் கதையை இந்த மன்றத்தில் ஒருவர்கூட நம்ப மாட்டீர்கள். நம்பினால் என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

யாரது, இப்பவே நம்பிட்டேன்னு பின்னால் கத்துவது? உட்காருங்கள் தம்பி. இன்னும் கதையே தொடங்கவில்லை.

என் மனைவியை உங்களுக்குத் தெரியும். தொழில், பேருந்து ஓட்டுவது. பிறவிப் பயன், கம்பு சுற்றுவது. அவள் மொட்டை மாடியில் கம்பு சுற்றத் தொடங்கினால், எதிர் மாடியில் காயும் துணிகள் தாமாகவே மடிந்து கூடைக்குள் போய் விழும். மழை பெய்தால் அவள் தலைக்கு மேல் மட்டும் மழை வேறு வழி பார்த்துக்கொண்டு போகும். ஒருமுறை கூடத்தில் சுற்றினாள். மின்விசிறி வெட்கப்பட்டுத் திரும்பிச் சுற்றியது. மின்சாரம் எங்கள் வீட்டிலிருந்து மின்நிலையத்துக்குப் போனது!

சிரிக்காதீர்கள். இதெல்லாம் கதையில் சாதாரணமான பகுதி.

அவளிடம் ஒரு வித்தை உண்டு. பயிற்சியில் எதிரே நிற்பவரின் உடம்பில் கம்பு படவே படாது. மின்னலாக வரும், இடியாக இறங்கும், தோளுக்கு ஒரு விரற்கடை முன்னால் சிலையாக நிற்கும். அவள் சேர்ந்த சிலம்பக் கூடத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அது. பேருந்தையும் அப்படித்தான் நிறுத்துவாள். முன்னால் நிற்கும் வண்டிக்கும் அவள் வண்டிக்கும் நடுவே ஒரு பட்டாம்பூச்சி புகலாம். ஆனால் சிறகை மடக்கிக்கொண்டுதான் புக வேண்டும்!

இப்போது இன்னொருத்தியைப் பாருங்கள். என் மனைவியின் அண்ணன் மகள்; எனக்கு மருமகள் முறை. மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் முகமும் வைத்திருக்கும் சிறு பெண். வீடியோ கேம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. சண்டை விளையாட்டு. அதில் வாள் உண்டு, கோடரி உண்டு, நெருப்பைக் கக்கும் ஆசாமிகூட உண்டு. ‘கம்பு சுற்றும் பெண் ஒருத்தி வேண்டும்’ என்று இவள் கேட்டாள். கேட்டாள், கெஞ்சினாள், கெஞ்சிக்கொண்டே இரண்டு ஆண்டுகளை ஓட்டினாள். கம்பெனியின் மேலாளர் ஒரு தாடிக்காரர். அவருக்குப் பிடித்தது சுத்தியல் தூக்கிய ராட்சதன். கடைசியில், ‘சரி, செய்து காட்டு, பிடித்தால் வைக்கலாம்’ என்றார்.

மறுநாள் அவள் எங்கள் வீட்டு வாசலில்.

“அத்தை, ஒரு நாள் லீவு போடுங்க.”

“எதுக்குடி?”

“உங்களைக் கம்ப்யூட்டருக்குள்ள போடணும்.”

“உங்க மாமாவைப் போடு. வீட்லயாவது கொஞ்சம் இடம் கிடைக்கும்.”

சபையோரே! உள்ளே போடுவது எப்படி என்று நானும் ஆவலோடு உடன் போனேன். பெரிய வெற்று அறை. சுவரெங்கும் கேமராக்கள். மனைவிக்குக் கறுப்பு உடை. உடையெங்கும் மொச்சைக்கொட்டை அளவில் பளபளக்கும் உருண்டைகள். கம்பிலும் உருண்டைகள். அவள் அசைந்தால் உருண்டைகள் அசையும். உருண்டைகளைக் கேமரா பார்க்கும். திரையிலிருக்கும் பெண் அப்படியே அசைவாள். அன்றைக்கு என் மனைவி கம்பு சுற்றிய வேகத்தில் கேமராக்களுக்குத் தலை சுற்றி, இரண்டு கேமராக்கள் தண்ணீர் கேட்டன!

திரையில் அந்தப் பெண்ணைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள். அடடா, என்ன நடை! என்ன சுழற்சி! பிறகு அவளை ராட்சதனோடு மோதவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

அவள் அடிக்கிறாள். ராட்சதன் அப்படியே நிற்கிறான். தலையில் அடிக்கிறாள், முழங்காலில் அடிக்கிறாள், முதுகில் அடிக்கிறாள். அவன் உயிரைக் காட்டும் பச்சைக் கோடு ஒரு நூல்கூடக் குறையவில்லை! விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதையே வேலையாகக் கொண்ட பையன் ஒருவன் திரும்பிச் சொன்னான்:

“அக்கா, உங்க ஆளு சூப்பரா ஆடுறாங்க. ஆனா யாருக்குமே வலிக்கல.”

ஏன் வலிக்கவில்லை? கண்மணிகளே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. திரையில் நாம் பார்க்கும் கம்பு அடிப்பதே இல்லையாம்! கம்பைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருக்கிறதாம். ராட்சதனைச் சுற்றியும் பெட்டிகள் இருக்கின்றனவாம். பெட்டியும் பெட்டியும் தொட்டால்தான் அடி. எனக்குப் பெரிய வியப்பு! நாம் பார்ப்பதெல்லாம் அலங்காரம், பார்க்காத பெட்டிகள்தான் சண்டை போடுகின்றன என்றால், இத்தனை காலம் நான் கைதட்டியது யாருக்கு?

இவள் கம்புதான் எந்தப் பெட்டியையும் தொடுவதில்லையே! ஒவ்வோர் அடியும் ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடுகிறதே!

‘பெட்டியைப் பெரிதாக்கிவிட்டால் போச்சு’ என்கிறீர்களா ஐயா? முதல் வரிசையில் சரியாகக் கேட்கிறீர்கள். மருமகளும் பெரிதாக்கிப் பார்த்தாள். கம்பு படாமலே ராட்சதன் தொப்பென்று விழுந்தான். தாடிக்காரர் கேட்டார்: “என்னம்மா, மூச்சு விட்டே அடிக்கிறாளா?” கம்பை மட்டும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தாள். அப்போது குதிகால் காட்டிக்கொடுத்தது. ஆமாம், குதிகால்! அடியை நிறுத்துவது கை என்றுதானே நாம் நினைக்கிறோம்? மருமகள் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். கம்பு இறங்கும் முன்பே குதிகால் தரையை அழுத்துகிறது; இடுப்பு பின்வாங்குகிறது. உடம்பு முழுவதும் பிரேக் போட்டுக்கொண்டிருக்கும்போது கம்பு மட்டும் எப்படிப் போய் அடிக்கும்?

தாடிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். “வெள்ளிக்கிழமை காலைல பார்ப்பேன். அடி விழணும். இல்லன்னா இந்தப் பொண்ணை எடுத்துட்டு, சுத்தியல்காரனுக்கு ஒரு தம்பியைச் செஞ்சு வெச்சிடலாம்.”

வியாழக்கிழமை. மறுபடியும் அதே அறை. மணல் மூட்டையைத் தொங்கவிட்டு அடிக்கச் சொன்னார்கள். அடித்தாள். மூட்டை கதறியது. ஆனால் திரையில் பார்த்தால், பாயைத் தூசி தட்டுவதுபோல் இருந்தது. மூட்டை நகராது, முறைக்காது, முன்னால் வராது. பிறகு காலுக்கு என்ன வேலை?

“எதிர்ல மனுஷன் நிக்கணும்டி. அப்பதான் கால் பேசும்” என்றாள் என் மனைவி.

நான் எழுந்தேன். வரலாறு என்னைப் பார்த்தது. நான் வரலாற்றைப் பார்த்தேன்.

“நான் நிக்கிறேன்.”

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “கடவுளே, கேட்காமலே குடுக்குற பாரு!”

எனக்கும் கறுப்பு உடை மாட்டினார்கள். அந்த உடையில் என் வயிறு எப்படித் தோற்றமளித்தது என்பதைத் தாய்மார்கள் கூடிய சபையில் விவரிப்பது பண்பாகாது. தலையில் ஒரு தலையணையைக் கட்டினார்கள். நின்றேன். வந்தது கம்பு! நெற்றிக்கு நேராக வந்தது; நின்றது. காதுக்கு வந்தது, நின்றது. முட்டிக்கு வந்தது; நின்றது.

“அத்தை, கொஞ்சம் அடிங்க அத்தை.”

“அடிக்கத்தான்டி பாக்குறேன். கை போக மாட்டேங்குது.”

கோபமூட்டினால் கை போகும் என்று எனக்கு ஓர் அபார யோசனை. “உன் பஸ்ஸை நேத்து ஒரு ஆமை முந்திட்டுப் போச்சாமே? போகும்போது ஹாரன் வேற அடிச்சுதாமே?” என்றேன். அவள் கண் சிவந்தது. கம்பு புயலாகப் புறப்பட்டது. என் மூக்கு முடிகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னன. கம்பு நின்றுவிட்டது!

“உன் சமையலைவிட என் ஃப்ரிட்ஜ் கேஸே மணக்கும்” என்றேன். நின்றது. “உன் அண்ணன்...” என்று வாயைத் திறந்தேன். அதற்கும் நின்றது! அண்ணனைச் சொல்லியும் அடிக்காத கையை, தாய்மார்களே, நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மருமகள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டினாள். மறுபடியும் கழற்றித் துடைத்தாள்.

“பரவாயில்ல அத்தை. விடுங்க. சுத்தியல்காரனும் நல்லாத்தான் இருப்பான்.”

சபையோரே, அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்றேன். மனைவி கம்பை ஓங்கினாள். குதிகால் அழுந்தியது. எல்லாம் எப்போதும்போலத்தான். கம்பு வந்தது. நிற்க வேண்டிய இடத்துக்கு வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்த நெஞ்சை நிமிர்த்தி, இந்தத் தலையை உயர்த்தி, முன்னால் ஓரடி எடுத்து வைத்தேன்!

கம்பு வரவில்லை என்றால் என்ன? நான் போனேன்!

விழுந்தது அடி! சத்தம் கேட்டு மூன்று தெருக்களில் வண்டிகள் ஓரம் கட்டின. கேமராக்கள் கண்ணை மூடிக்கொண்டன. சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள்கள் என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். நான் அன்றைக்கே எண்ணிவிட்டேன். தலையணை பறக்க, தரையில் மல்லாந்தேன்.

பதிமூன்று வயதில் கம்பு பிடித்தவள் என் மனைவி. கை வழுக்கியும் கம்பை விட்டதில்லை, கை ஒடிந்தும் விட்டதில்லை. அந்தக் கம்பு தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அவள் ஓடி வந்தாள். மண்டியிட்டாள். ஒரு கையை என் பிடரிக்குக் கொடுத்துத் தலையைத் தூக்கினாள். மறு கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“ஏங்க! ஏங்க! இது எத்தனை விரல்?”

“உன் கைல எத்தனை இருக்கோ அத்தனை.”

“வாய் வேலை செய்யுது. அப்ப ஒண்ணும் இல்ல.”

வெள்ளிக்கிழமை காலை. பெரிய திரை. தாடிக்காரர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கம்புக்காரி வந்தாள். என் அசைவை வாங்கிக்கொண்டு சுத்தியல்காரன் வந்தான். சுழன்றாள், நுழைந்தாள், ஒரே அடி! பச்சைக் கோடு சரிந்தது. ராட்சதன் விழுந்தான். எல்லோரும் கைதட்டக் கையைத் தூக்கினார்கள்.

தூக்கிய கை அப்படியே நின்றது. திரையில் ஆட்டம் இன்னும் முடியவில்லை! மருமகள் அவசரத்தில், அடி விழுந்த இடத்தோடு படத்தை வெட்டி நிறுத்த மறந்துவிட்டாள். கம்புக்காரி கம்பைக் கீழே போட்டாள். ராட்சதனிடம் ஓடினாள். மண்டியிட்டாள். மலை போன்ற அந்தத் தலையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் அவன் கண் முன்னே விரல்களை நீட்டினாள்.

கால் மேல் போட்டிருந்த கால் கீழே இறங்கியது.

“இது என்ன?” என்றார் தாடிக்காரர்.

“மறந்துட்டேன் சார். இப்பவே வெட்டிடறேன்.”

“கையை எடு. இன்னொரு தடவை போடு.”

போட்டார்கள். பார்த்தார். மறுபடியும் போடச் சொன்னார். தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “நம்ம கேம்ல ஜெயிச்சவன் எல்லாரும் கத்துறான். நெஞ்சைத் தட்டுறான். இவ ஒருத்திதான் விழுந்தவன்கிட்ட போய்க் கேக்குறா. இருக்கட்டும். வெட்டாத. இவ இருக்கட்டும்.”

இருந்தாள் சபையோரே! இன்றும் இருக்கிறாள்! வெல்லும் ஒவ்வொரு முறையும் கம்பைப் போட்டுவிட்டு ஓடுகிறாள்! தோற்ற ஒவ்வொருவர் தலையையும் தூக்குகிறாள்!

திரையில் விழுந்தவனுக்கு என்ன குறை? பொத்தானை அழுத்தினால் பச்சைக் கோடு மறுபடியும் முழுதாக நிற்கும். அவனிடம் போய் ‘எத்தனை விரல்’ என்று கேட்பானேன்? தரையில் விழுந்தவனுக்குப் பொத்தான் ஏது? பூச்சியம் ஆன கோட்டைப் புதுப்பிப்பவர் யார்? கம்பு சுற்றும் வீரர்களே, கட்டைவிரல் வீரர்களே, இரண்டு பேரும் சொல்லுங்கள்! அடித்த கை அடுத்த கணம் எங்கே போகிறது? மேலே போகிறதா, கீழே போகிறதா? வானத்தைக் குத்துகிறதா, விழுந்தவன் பிடரியைத் தாங்குகிறதா? எனக்கு விடை தெரியாது; நான் ஃப்ரிட்ஜ் பார்ப்பவன். ஆனால் நாளைக்கு நீங்கள் கம்பைக் கையில் எடுக்கும்போதும், விளையாட்டுக் கருவியைக் கையில் எடுக்கும்போதும் கொஞ்சம் கவனித்துப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்!

தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்; அதைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று சோதிக்கிறார். அதோ, மூன்றாம் வரிசையில் என் மனைவி ‘போதும், இறங்குங்க’ என்று கை காட்டுகிறாள். பொறுமையோடு பொய் கேட்ட உங்களுக்கும், இன்னும் பொத்தானை அழுத்தாத ஒலி அமைப்பாளர் தம்பிக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

ஆம், பொய்தான். துணி மடியவில்லை. கேமரா தண்ணீர் கேட்கவில்லை. கோள்களை எண்ணவில்லை. நான் வீரத்தோடு முன்னால் அடியெடுத்து வைக்கவும் இல்லை. தரையில் கிடந்த வயர் காலைத் தட்டிவிட்டது. கம்பு தலையணையைத்தான் தொட்டது. அதுவும் பூனை தொடுவதுபோல. தாடிக்காரருக்குத் தாடியே கிடையாது.

ஆனால் நான் விழுந்ததும் அவள் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாளே, அது மட்டும் நடந்தது. வணக்கம்!