உட்கார்ந்து செய்த ஜெபம்

பினாங்கிலிருந்து பட்டர்வொர்த் போகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படகில், எனக்கு எதிரே வெள்ளைச் சேலையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பாட்டுப் புத்தகம். இளையவள் கேட்டாள்:

"உட்கார்ந்துக்கிட்டு செஞ்ச ஜெபம் மேல போகுமாக்கா?"

"ஏன் போகாது?"

"நம்ம லுத்தரன் சபையில எப்பவும் உட்கார்ந்து பாடுவோம், ஜெபத்துக்கு எழும்பி நிப்போம். இந்தப் புதுப் போதகர் ஐயா வந்ததும் எல்லாத்தையும் தலைகீழா மாத்திட்டாரே."

"பாட்டுக்கு மரியாதை வேணும்னு சொல்றார். மெட்ராஸ்ல இப்ப அப்படித்தானாம்."

"அப்ப ஜெபத்துக்கு மரியாதை வேணாமா?"

"தெரியலையே. இன்னைக்கு ஜெபத்தப்ப ஆம்பளைங்க பக்கமும் பாதிப் பேர் நின்னாங்க, பாதிப் பேர் உட்கார்ந்திருந்தாங்க. ஐயா கையைக் காட்டினாரு. உட்காரச் சொல்றாரா, எழும்பச் சொல்றாரான்னு யாருக்கும் புரியல."



"அந்த நேரத்துலதான் எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லி ஐயா ஜெபம் பண்ணினார். அவருக்கு நாளைக்கு ஆஸ்பத்திரியில வயித்தைக் கிழிக்கப் போறாங்க. நான் உட்காரவா நிக்கவான்னு அக்கம்பக்கம் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். ஆமென்கூட சொல்லலக்கா."

"நான் சொன்னேனே."

"நீங்க நின்னுக்கிட்டா, உட்கார்ந்துக்கிட்டா?"

அக்காவுக்கு ஞாபகம் வரவில்லை.

இளையவள் சட்டென்று எழுந்து நின்று, கண்ணை மூடி, "ஆமென்" என்றாள். அக்காவும் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தாள். அவர்களைப் பார்த்து, கரை வந்துவிட்டது என்று நினைத்து, படகில் இருந்த நாங்கள் எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தோம்.

கரைக்கு இன்னும் பாதிக் கடல் இருந்தது.