திரையைக் கிழித்த கவண்கல்

அவையை நடத்தும் அருந்தகையாளர், தலைவர் ஜக்கையன் அவர்களே! அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே! எங்களைப் பெற்று, பேச்சும் கொடுத்த தாய்மார்களே! தேவாரத்திலிருந்து வண்டி கட்டியும், குரங்கணிச் சரிவிலிருந்து கால் கடுக்க நடந்தும் வந்து, பந்தலுக்குள் இடமில்லாமல் வெயிலில் நிற்கும் உடன்பிறந்தாரே! உங்களுக்கு என் வணக்கம் இரண்டு மடங்கு.

இன்று நிறைவேற்ற ஒரு தீர்மானம் வைத்திருக்கிறார்கள். போடிச் சந்தைப் பேட்டையில் நடக்கும் பயாஸ்கோப்புக் கொட்டகைக்குள் அடிவாரத்து ஊர்க்காரர்களும் மலைத் தோட்டத்து ஆட்களும் இனி நுழையலாகாதாம். நிழலை நிஜமென்று மயங்கும் காட்டுச் சனத்துக்குக் காட்சி எதற்கு என்று கேட்கிறார்கள். இதை ஆதரித்துப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஐயா, நான் அடியோடு எதிர்க்கிறேன். முணுமுணுக்க வேண்டாம், முழுவதும் கேளுங்கள்.

சென்ற வாரம் நடந்தது என்ன? வெள்ளைத் துணியில் வடக்கத்தி அரசர் ஒருவரின் ஊர்வலம் ஓடியது. யானை ஒன்று பார்ப்பவரை நோக்கி நேரே நடந்து வந்தது. தரையில் அமர்ந்திருந்த தேவாரத்து வேலுத்தாய் எழுந்து நின்றாள். யானை வழியில் வந்துவிட்டால் முதலில் கும்பிட்டு விலகச் சொல்வது அடிவாரத்து வழக்கம். அவளும் கும்பிட்டாள். "சாமி, புள்ளைகுட்டி உக்காந்திருக்கு, அப்படியே திரும்பிப் போயிரு சாமி" என்று கெஞ்சினாள். யானை நிற்கவில்லை. காட்டுப் பாதையில் துணைக்கென்று இடுப்பில் செருகி வந்த கவணை எடுத்தாள். ஒரே கல். யானையின் நெற்றியில் துணி கிழிந்தது.

யாரங்கே சிரிப்பது? சிரிக்கலாம் ஐயா, உங்கள் வீட்டுச் சோளத்தை ஒரு யானையும் தின்றதில்லை. சென்ற தையில் அவள் புருஷன் வீரையாவைத் தோட்டத்துக் காவல் பரணோடு சாய்த்துக் கொன்றது யானை. அவளுக்கு யானை வேடிக்கையா? அவளிடம் போய் நிழலுக்கும் நிஜத்துக்கும் இலக்கணம் சொல்லப் போகிறீர்களா?

துணிக்குச் சொந்தக்காரர் கொட்டகை நடத்தும் பால்சாமி. அவரிடமே கேட்டேன். "அண்ணே, கிழிஞ்சது துணிதானே, அப்பவே தச்சுப்புட்டேன். அந்தாத்தா மறுபடி வந்தா முன்னாடி உக்கார வச்சுப் படம் காட்டுவேன்" என்றார். கிழிந்த துணிக்காரருக்கு இல்லாத வலி, நாற்காலியில் அமர்ந்து படம் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது?

படம் பார்த்து இந்தச் சனம் என்ன கண்டது என்கிறார்கள். நான் குரங்கணிக்கு ஏலக்காய் வாங்கப் போனபோது கேட்டதைச் சொல்கிறேன். காய் எடுத்துக்கொண்டிருந்த பத்துப் பெண்களுக்கு, கொட்டகைக்கு வந்து போன மாயக்காள் தான் பார்த்த படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தி கேட்டாள், "கடலு எம்புட்டுப் பெருசுக்கா?" மாயக்காள் சொன்னாள்: "நம்ம கொட்டகுடி ஆத்துக்கு அக்கரையே இல்லாமப் போனா எப்படி இருக்கும்? அதுதான்டி கடலு." கை காய் எடுக்கிறது, காது கடல் கேட்கிறது. பார்த்தவள் ஒருத்தி, பயன் பெற்றவர் பதின்மர். அட்டைக்கடியும் அடைமழையுமாகக் கிடக்கும் சரிவில் அன்று சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் இந்தத் தீர்மானம் பறிக்கப் பார்க்கிறது.

உழைப்பவனுக்கு உலகம் தெரியக் கூடாதா? ஊரார் கண்ட காட்சியை அவன் கண்டால் திரை தீட்டுப்பட்டுவிடுமா? ஏலம் அவன் கைபட்டு வரும்போது மணக்கிறது, அவன் மட்டும் அருகே அமர்ந்தால் மூக்கைப் பொத்துவீர்களா?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். கொட்டகையில் அன்று "ஆனை, ஆனை" என்ற குரல் எழுந்ததும் நாற்காலி வரிசை முழுதும் ஓடியது. நிழலென்று தெரிந்தவர்கள் எல்லாரும் ஓடினார்கள். முதலில் ஓடியவன் யார் தெரியுமா? ஏலக்காய் மண்டி கண்ணுச்சாமி, நான்தான். மடியில் இருந்த என் ஐந்து வயது மகள் பொன்னுமணியைத் தரையில் போட்டுவிட்டு ஓடினேன்.

விளக்கு ஏற்றிய பிறகு வெட்கத்தோடு திரும்பி வந்தேன். வேலுத்தாய் என் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இரண்டாவது கல்லோடு நின்றிருந்தாள். "ஏய்யா, பச்சப்புள்ளய விட்டுட்டு ஓடிட்டீகளே, இந்தாங்க, புடிங்க" என்றாள். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

தலைவர் அவர்களே, தடைதான் வேண்டுமென்றால் போடுங்கள். பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடியவன் அந்தக் கொட்டகைக்குள் நுழையலாகாது என்று எழுதுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதுங்கள். அடுத்த பெயருக்கு, அன்று நாற்காலியில் இருந்தவர்கள் தாமாகவே எழுந்து வரட்டும், நான் காத்திருக்கிறேன்.

கடிந்து பேசியதைப் பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. வெயிலில் நிற்கும் வேலுத்தாய்க்கு என் கும்பிடு.