நாலாவது பெஞ்சு

ஆம்பூர் டென்ட் கொட்டகையில் நான் பேசத் தொடங்கினால் யாரும் பீடி பற்றவைக்க மாட்டார்கள், மாஜிஸ்திரேட் ஐயா. ஊமைப் படத்துக்குக் குரல் நான்தான். திரையில் வரும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே பத்துப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு யார் நல்லவன், யார் கெட்டவன் என்று இந்த அருளப்பன் சொன்னால்தான் தெரியும்.

அந்த மாதம் ஒரு முகமூடிக்காரன் படம் ஓடியது. குதிரையில் வருவான். போலீசுக்கும் போக மாட்டான், கோர்ட்டுக்கும் போக மாட்டான். குற்றவாளியைச் சவுக்கால் அடித்தே கொன்றுவிட்டுப் போவான். தரை டிக்கெட்டில் இருக்கும், தோல் பதனிடும் டேனரி ஆட்கள் மணலை வாரி இறைத்துக் கூத்தாடுவார்கள். பகலெல்லாம் தோலைச் சுரண்டி, ஏச்சு வாங்கிவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. இப்போதும் படுகிறது.

அப்போதுதான் சவுரியம்மாள் காணாமல் போனாள். டேனரியில் தோல் காயவைக்கிற பெண். எனக்குப் பேசி வைத்திருந்தவள். சனிக்கிழமை வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அவள் அம்மா மரியம்மாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

"டேனரி மேஸ்திரி துரைக்கண்ணு கூடத்தான் கடேசியா போனாளாம்பா. கேட்டா ஒண்ணும் தெரியாதுன்றான். ஸ்டேஷன்ல எழுதிக்கினாங்க, அவ்ளோதான்."

துரைக்கண்ணு ஆட்களை அடிப்பவன். தாமதமாக வந்த ஒரு கிழவரை நாள் முழுக்க வெயிலில் நிற்க வைத்தவன். ஊரில் அவனுக்காகப் பரிந்து பேச ஆள் கிடையாது. அது முக்கியம்.

மறு ஞாயிறு முதல் ஆட்டத்துக்கு அவன் வந்தான். மனைவியைப் பெண்கள் பக்கம் அனுப்பிவிட்டு நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தான்.

முகமூடிக்காரன் சவுக்கை ஓங்கும் கட்டம் வந்தது. வில்லன் மண்டியிட்டுக் கும்பிடுகிறான். நான் குரலை உயர்த்தவில்லை.

"இவன் இன்னா பண்ணான் தெரியுமா? நம்ம சவுரியம்மாளைக் கொன்னு, தோல் ஊறுற சுண்ணாம்புத் தொட்டியில போட்டான். இவன் பேரு துரைக்கண்ணு. நாலாவது பெஞ்சில உக்காந்துனு இருக்கான்."

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. துரைக்கண்ணு எழுந்து, "டேய், இன்னாடா பேசற, அந்தப் பொண்ணு..." என்றான். முடிக்க விடவில்லை. பெஞ்சுப் பலகையை முதலில் பெயர்த்தவன் யார் என்று கேட்டீர்கள். நான் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் காட்டும் மெஷினைக் கையால் சுற்றிக்கொண்டிருந்த ஷபீ அஹமது, "அருளு, நிறுத்திடட்டா? ஆளு செத்துடுவான்" என்றான்.

"சுத்து பாய். வெளிச்சம் வேணும்."

சுற்றினான். நானும் பேச்சை நிறுத்தவில்லை. பெண்கள் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. வில்லனின் மனைவி அழுகிறாள் என்று அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன். படம் முடிவதற்குள் துரைக்கண்ணுவின் மூச்சு நின்றிருந்தது.

அவன் செத்த பதினோராம் நாள் சவுரியம்மாள் உயிரோடு என் ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன், ஜோலார்பேட்டை ரயில்வே ஆள்.

"ஒன்னக் கட்டிக்க இஷ்டமில்லன்னு மேஸ்திரி காலுல வுழுந்தேன். அவருதான் எங்க ரெண்டு பேரையும் சேத்து ரயிலேத்தி வுட்டாரு. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்தாரு. அந்த மனுஷனப் போய்க் கொன்னுட்டியே."



துக்கத்தில் புத்தி தடுமாறித் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் தண்டனை குறையும் என்கிறார் வக்கீல். எழுத மாட்டேன். பிடிபட்டிருக்கும் ஏழு பேரை விட்டுவிடுங்கள் என்றும் கெஞ்ச மாட்டேன். முகமூடிக்காரனிடம் யாராவது சாட்சி கேட்டார்களா? அவனுக்குக் கைதட்டிய கைகள்தான் அன்றைக்குப் பலகையைத் தூக்கின.

அவள் தன் அம்மாவுக்குக் கார்டு போட்டதாகச் சொல்கிறாள், வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை. படிக்கத் தெரியாத மரியம்மாள் அதை என்னிடம்தான் கொண்டுவந்தாள். கல்யாணம், மேஸ்திரி செய்த உதவி, எல்லாம் அதில் இருந்தது. போலீஸ் காகிதம், இன்னும் தேடுகிறார்களாம் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

ஜனங்களுக்குக் கதை புரிய வேண்டும், ஐயா. அவளைக் கொன்றான் என்று சொன்னதால்தான் கை ஓங்கினார்கள். என்னிடமிருந்து காப்பாற்றினான் என்று சொல்லியிருந்தால் அவனுக்கல்லவா கைதட்டியிருப்பார்கள்.