பேய்க்கதைக்குக் கையெழுத்துக் கேட்டவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கச் செயலாளர் வேலுசாமி அவர்களே! அழுகையை அடக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும், எத்திராஜ் அண்ணனின் துணைவியார் எங்கள் நாகவல்லி அக்கா அவர்களே! பாடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் ஷிஃப்ட் முடித்துக் குளிக்காமல்கூட ஓடி வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப்பேச்சு வராது. டிராயிங் ஆபீஸில் பதினெட்டு வருடம் குனிந்தே வேலை செய்தவள். பென்சிலில் வரைந்து வரும் இயந்திரப் படங்களை மேலே தாள் வைத்து மையில் படியெடுக்கிற ட்ரேஸர் நான். எனக்கு முன்னால் பேசியவர்கள் இன்ஸ்பெக்‌ஷன் எத்திராஜ் அண்ணனின் நேர்மையைச் சொன்னார்கள். ஒரு நூல் பிசகினாலும் விடமாட்டார் என்றார்கள். உண்மைதான்! ஆனால் அவர் இரும்பை மட்டுமா சோதித்தார்? பேயையும் அல்லவா சோதித்தார்! அதை யாருமே சொல்லவில்லை. ஐம்பது வயது மனிதர் பேய்க் காமிக்ஸ் படித்தார் என்று மைக்கில் சொல்ல உங்களுக்கு வெட்கம். எனக்கு வெட்கமில்லை, நான் சொல்கிறேன்.

நினைவிருக்கிறதா? மாதத்தின் முதல் வாரம், சாப்பாட்டு நேரம், கேண்டீன் ஜன்னலோர மேஜை. இடது பக்கம், எழுபதுகளில் வந்த பழைய பேய்க் காமிக்ஸ். அட்டை கிழிந்து ஓரம் பழுப்பேறியிருக்கும். வலது பக்கம், அதே கதையை வேறு ஆளை வைத்து மறுபடி வரைந்து பதிப்பகம் எண்பத்தொன்பதிலிருந்து வெளியிட ஆரம்பித்த வண்ணப் புத்தகம். இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் விரித்து வைத்துத் தீர்ப்பு சொல்வார். சுற்றிப் பத்துப் பேர் நிற்பீர்கள்.

“பழசப் பாரு. கதவு சந்துல ஒரு கை மட்டும்தான் தெரியுது. வாட்ச்மேன் மூஞ்சியப் பாரு, வேர்த்துக்கினு நிக்கிறான். இப்போ புதுசப் பாரு. பல்லு, நகம், முடி, எல்லாம் வெச்சு பேய் ஷோக்கா கீது. ஆனா பேயப் பாக்கிறவன் இன்னாமோ பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான்பா!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நான் மட்டும் அடுத்த மேஜையில் தயிர்சாதத்தை அளைந்துகொண்டிருப்பேன். ஏன் தெரியுமா? அந்தப் பேயை வரைந்ததே நான்தான்!

ஆமாம், நானேதான்! சலசலப்பு வேண்டாம், முழுக்கக் கேளுங்கள். மூன்றாவது வரிசையில் என் மாமியார் பொன்னம்மாள் உட்கார்ந்திருக்கிறார். அத்தை, உங்களுக்கும் இப்போதுதான் தெரிகிறது. கம்பெனி டிராயிங்கை ஓவர்டைமுக்கு எடுத்து வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சாயங்காலமெல்லாம் நான் நம் சேக்காட்டு வீட்டில் வரைந்ததெல்லாம் இதுதான். உங்கள் பிள்ளைக்கு மட்டும் தெரியும். முன்பு ஒரு நாள் இந்தப் புத்தகம் ஒன்று கையில் சிக்கி, ‘இத்த ஊட்ல வெச்சா காத்து கருப்பு அண்டும்’ என்று தெருவில் வீசினீர்களே, அது நான் வரைந்த முதல் புத்தகம். கோபப்படாதீர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்திராஜ் அண்ணன் எல்லாவற்றையும்விட அதிகமாகத் திட்டியது என் சுவர்களைத்தான். “இது பேய் பங்களாவா, ஃபேக்டரி ஷெட்டா? ஒரு சுவராவது கோணலா கீதா பாரு! இந்த ஊட்ல பேய் இன்னாத்துக்குக் குடியிருக்கும்?” என்றார். பதினெட்டு வருடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கை ஐயா இது! பாழடைந்த பங்களாவைக்கூட ஒழுங்காகத்தான் கட்டும். அந்த ஒழுங்குதான் என்னைக் காட்டியும் கொடுத்துவிட்டது.

ஒரு நாள் ஒரு கதவுக் கீலின் டிராயிங்கையும் என் காமிக்ஸையும் எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இன்னாம்மா புஷ்பா, இந்தக் கீல போட்ட கையும், பேய் ஊட்டுக் கதவுல இந்தக் கீல போட்ட கையும் ஒண்ணுதானே?”

நான் காமிக்ஸை டிராயிங்குக்கு அடியில் தள்ளினேன். “அண்ணே, யாராண்டயும் சொல்லிடாதீங்க. எங்க ஊட்ல தெரிஞ்சா அவ்ளோதான்.”

“நான் இன்னாத்துக்குச் சொல்லப்போறேன்? இத்தினி நாளா உன் எதிர்லயே உன்னப் பேசிகினு இருந்திருக்கேன். மனசுல வெச்சுக்காதம்மா.”

விட்டேனா? மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். பழைய புத்தகத்தில் அந்தக் கைக்கு ஆறு விரல் இருப்பதைக் காட்டினேன். ஒரு கட்டத்தில் காலில்லாமல் நிற்கிற பேய் அடுத்த கட்டத்தில் கொலுசு போட்டுக்கொண்டு நடப்பதைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். “அடப் பாவமே! இருபது வருசமா எண்ணிப் பாக்கல. இதுல நீதான் ஓகே” என்றார். தப்பை ஒத்துக்கொள்ள அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நம் ஃபேக்டரியில் எத்தனை பேரால் அது முடியும்?

அன்றிலிருந்து மாதாமாதம் சண்டைதான்! இது பழசில் நன்று, அது புதுசில் நன்று, இது இரண்டிலுமே குப்பை. ஸ்கேலை ஒதுக்கிவிட்டு வெறும் கையால் சுவர் போட்டேன். ‘இப்போ உள்ள போக பயமா கீது’ என்று அவர் சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அவருக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. அந்தப் பழைய படங்களை வரைந்தது யார்? புத்தகத்தில் பெயரே கிடையாது. பதிப்பகத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதி விலாசம் வாங்கிவிட்டார். ஆள் வேறெங்கும் இல்லை, நம் பாடியிலேயே லாரிகளுக்கு நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தார்! மதுரைவீரன் என்று பெயர். நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம்.

“அந்த வாட்ச்மேன் மூஞ்சில அப்படி ஒரு பயத்த எப்படிண்ணே கொண்டாந்தீங்க?” என்று எத்திராஜ் அண்ணன் பயபக்தியோடு கேட்டார்.

“பயமா? நான் பசியில போட்ட படம் வாத்தியாரே அது!” என்று அவர் சிரித்தார். பிறகு என் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “கை நல்லா ஓடுது தங்கச்சி. ஏன் உன் பேரு போடல?”

“உங்க பேரும்தான் போடலையேண்ணே” என்றேன்.

அடுத்த நாளே எத்திராஜ் அண்ணன் லீவு போட்டு, அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலேறி பாரிமுனைக்குப் போய், பதிப்பாளர் முன்னால் நம் கம்பெனி டிராயிங் ஒன்றை விரித்திருக்கிறார். மூலையில் இருக்கும் கட்டத்தைக் காட்டியிருக்கிறார். வரைந்தவர், படியெடுத்தவர், சரிபார்த்தவர். “ஒரு வாஷருக்கே மூணு பேரு கையெழுத்து கீது சார். முப்பத்திரண்டு பக்கம் போட்டவங்களுக்கு ஒரு பேரு கூடவா இல்ல?” இனி பெயர் போடுகிறேன், அதற்குச் சம்மதம் என்று வரைந்த இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும் என்றார் பதிப்பாளர். மதுரைவீரன் அண்ணன் அன்றைக்கே போட்டுவிட்டார். நான் போடவில்லை. இரண்டு மாதம் தாளை மடித்துப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமைகூடக் கேட்டார். “இன்னாம்மா, பயமா கீதா?”

“ஆமாண்ணே.”

“பேயவே போடுற. மாமியாருக்கு பயந்துகினு கீறியே!”

திங்கட்கிழமை சொல்கிறேன் அண்ணே என்றேன். ஞாயிற்றுக்கிழமை மார்வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நாகவல்லி அக்கா, இதை உங்களிடம் எப்படிச் சொல்வேன்? அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. அதைக்கூட அவர் கண்ணால் பார்க்க விடவில்லையே நான்! பாவி, இரண்டு நாள் முன்னால் போட்டிருக்கக் கூடாதா?

தோழர்களே! அழுதது போதும். எத்திராஜ் அண்ணனுக்கு அழுமூஞ்சிகளைப் பிடிக்காது. நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். முதல் வாரம் ஜன்னலோர மேஜை காலியாக இருக்கக் கூடாது. பழசையும் புதுசையும் நான் கொண்டு வருகிறேன். மதுரைவீரன் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதோ கடைசி வரிசையில் நிற்கிறார். என் முன்னாலேயே திட்டுங்கள், இனி ஒளிந்துகொள்ள மாட்டேன். பெயர் போடாமல் ஒரு பக்கம்கூட என் வீட்டை விட்டு வெளியே போகாது. இது எத்திராஜ் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிற சத்தியம்.

இதோ அந்தத் தாள். வேலுசாமி அண்ணே, உங்கள் பேனாவைக் கொடுங்கள். என்ன அத்தை, ஏன் எழுந்துவிட்டீர்கள்? வீட்டில் போய்த் திட்டுங்கள் அத்தை, இப்போது மட்டும்... என்ன? கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள்.

தோழர்களே, என் மாமியார் சொல்வது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் மைக்கில் சொல்கிறேன். “வெறும் பேர எழுதாத. எம் புள்ள இனிஷியலும் சேத்துப் போடு” என்கிறார்.

போடுகிறேன் அத்தை. வீ. புஷ்பா, சேக்காடு.