எஞ்சினியர் சேரின் தடித்த புத்தகம்

"புது எஞ்சினியரோட அந்தத் தடிச்ச புத்தகத்துல உலகத்து மெஷின் அத்தனையும் இருக்கு. கொழுந்து உருட்டுற எங்க ரோலர் மட்டும்தான் இல்ல."

எல்கடுவயிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில் இப்படிச் சொன்னவர் ஒரு தேயிலை பெக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். மடியில் பாரமான சாக்கு. பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"அவரு என்னதான் செஞ்சாரு?"

"காலையில ரோலர் நின்னதுலருந்து பக்கம் பக்கமா புரட்டுனாரு. வாடுன கொழுந்து ரோலருக்குக் காத்துக்கிட்டு கெடக்கு. இறுகிப்போன கியர் வீலக் கழட்ட புத்தகம் எதுக்குங்க? சுத்தியல எடுத்து ஒரே அடி அடிச்சேன்."

"கழண்டுச்சா?"

அவர் சாக்கைத் திறந்து காட்டினார். அந்தக் கியர் வீல் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"வார்ப்பிரும்ப அடிக்கக்கூடாதாம். புத்தகத்துலயே இருக்குன்னு சேர் வாசிச்சுக் காட்டுனாரு."

"எப்ப?"

"நான் அடிச்ச பொறகு. ரொம்ப உபயோகமான புத்தகம்."